நூற்று நாற்பது வோல்ட்

ஒயர் கூடையில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும் டீச்சரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாளையங்கோட்டை போகும் காலை பஸ்ஸின் கண்டக்டர் அந்த வருஷம் மூன்று தடவை பார்த்தார். முதல் தடவை, "என்ன டீச்சர், மிக்ஸி ரிப்பேரா?" என்றார். அடுத்த தடவை, "திரும்பவும் மிக்ஸியா?" என்றார். மூன்றாம் தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். புத்திசாலி.

எஸ்.எம்.பி.எஸ். என்பது கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்து மேல் மூலையில் உட்கார்ந்திருக்கும் தகர டப்பா. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற சாமான்களுக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. ஒயர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் நகத்தளவு ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் 230 என்று தெரியும், மறுபக்கம் தள்ளினால் 115. நம் நாட்டுக் கரண்டுக்கு 230. மற்றது வெளிநாட்டுக்கு. அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதை நான் பல மாதம் கவனிக்கவே இல்லை. செடியில் மயிரிழை அளவு வேரைக்கூட விடாமல் எண்ணுகிறவள் நான். இதைப் பார்க்கவில்லை.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தாவரவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பகுதிநேரமாக எம்.ஃபில். பதிவு செய்து, இரண்டு வருஷத்தில் முடிக்க வேண்டியதை நாலு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்தேன். எங்கள் ஊர் வடகால் வாய்க்காலில் வளரும் நீர்ச்செடிகள் பற்றிய ஆய்வு. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிப் பாசியும் கொடியும் பிடுங்குகிறவள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடைசிக் கடிதம் பற்றித்தான். நவம்பர் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, இனி நீட்டிப்பு கிடையாது என்று அதில் இருந்தது. நாலு வருஷமும் வாய்க்காலோடு போய்விடும். பாடப் புத்தகத்தில் இருப்பதைப் படித்து ஒப்பிப்பதைத் தவிர நானாக ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் இருந்தது.

டைப் செய்து தருகிற கடைகளில் கொடுத்துப் பார்த்தேன். செடிகளின் லத்தீன் பெயர்களை அவர்கள் படுத்திய பாட்டைச் சொன்னால் தாங்காது. ஒரு பக்கத்தில் ஒரே செடிக்கு மூன்று பெயர். திருத்திக் கொடுத்தால் திருத்தியதில் புதிதாக இரண்டு தப்பு. பொறுமை இழந்து, மூடப்போகிற ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நானே டைப் செய்துகொள்வேன், யார் தயவும் வேண்டாம் என்றுதான்.

கம்ப்யூட்டர் காலையில் நன்றாக ஓடியது. சாயங்காலம் ஓடவில்லை. எனக்கு நேரம் கிடைப்பதே சாயங்காலம்தான். காலை நேரம் அடுப்படிக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும்.

எங்கள் வீடு வாழைத் தோட்டங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் விடுவார்கள். முறை இல்லாத நாட்களில் தோட்டத்துக்காரர்கள் கிணற்று மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். அத்தனை மோட்டாரும் ஓட, சாயங்காலம் ஊர் விளக்கும் சேர்ந்துகொள்ள, எங்கள் வீட்டுக் குண்டு பல்பு பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிடும். டிவிக்கு என்று வாங்கிய சின்ன ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் காட்டுகிற முள் ஒன்று இருந்தது. அது நூற்று நாற்பதில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த ஸ்டெபிலைசர் மானிட்டரைத் தாங்கும், பெட்டியைத் தாங்காது. பெட்டியை நேராகச் சுவரில் செருகியிருந்தேன். அது ஃபேனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அணைந்துபோகும். நானும் விடாமல் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துப் பார்ப்பேன். பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலித்ததுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்கு வாய்க்காலில்தான் உத்தியோகம். லஸ்கர் என்பார்கள். மதகைத் திறப்பதும் அடைப்பதும், முறைப்படி கடைசி வயல் வரை தண்ணீர் போகிறதா என்று கரையோரமாக சைக்கிளில் போய்ப் பார்ப்பதும் வேலை. அதிகம் பேச மாட்டார். கம்ப்யூட்டர் வந்த அன்று ஈரக் கையோடு மானிட்டரைத் தடவிப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் இருக்கும்போது அவர் அந்த மேஜைப் பக்கம் வந்ததில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. என் படிப்பில் அவருக்கு அக்கறை இல்லை என்றும் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவை எங்கள் ஆசிரியர் அறையிலும் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பெட்டி பழசு, அதனால் எஸ்.எம்.பி.எஸ். பழசு, நல்லதாக ஒன்று மாற்றினால் சாயங்காலமும் ஓடும் என்று எனக்கு ஒரு எண்ணம். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். முன்பு ரேடியோ ரிப்பேர் செய்தவர். அவர் மேஜையில் மூன்று தகர டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்றில் இருநூறு வாட் என்று எழுதியிருந்தது, ஒன்றில் இருநூற்று முப்பது, ஒன்றில் இருநூற்று ஐம்பது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

"ஸ்டிக்கரப் பாக்காதிய டீச்சர். எல்லாம் ஒரே டப்பாதான், ஒட்டுத பேப்பர்தான் வேற. கையில தூக்கிப் பாருங்க. கனமா இருக்கத எடுத்துக்கோங்க" என்றார்.

நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். விஞ்ஞானம் படித்தவள், சந்தையில் தேங்காய் வாங்குகிற மாதிரி ஒரு எந்திரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குகிறேனே என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. கனமானதை எடுத்துக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. "நூத்தி நாப்பதுல எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் எந்திரிக்காது. ஒங்களுக்கு வேணுங்கது பெரிய ஸ்டெபிலைசரு. சொல்லி வச்சா மதுரையிலருந்து வரும், பதினஞ்சு நாளாகும்."

கேட்டது ஒன்று, தலையில் கட்டப் பார்ப்பது ஒன்று என்று நினைத்தேன். "இது போதும் அண்ணாச்சி" என்றேன். மதர்போர்டில் செருகுகிற இரண்டு ஒயர்க் கொத்துகளை எப்படிச் செருக வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். கறுப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நடுவில் சேர வேண்டும், மாற்றிச் செருகினால் எல்லாம் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். திருகுகளை வீட்டுக்காரர் முடுக்கினார், ஒயரை நான் செருகினேன். முடித்ததும் அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் பல்பு மிளகாய் நிறத்தில் எரிகிறபோதே கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது! மறுநாளும் ஓடியது. அந்த வாரம் முழுக்க ஓடியது. நூற்று நாற்பதில் எதுவும் எழுந்திருக்காது என்று சொன்ன அண்ணாச்சியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். எஸ்.எம்.பி.எஸ். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஆசிரியர் அறையில் ஒரு பாடமே எடுத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் டைப் செய்துகொண்டிருந்தேன். பல்பு திடீரென்று பளிச்சென்று எரிந்தது. ஆஹா, கரண்ட் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாடை வீடு முழுக்க நிறைந்தது. வீட்டுக்காரர் வேலையில் வெளியே இருந்தார். மறுநாள் காலையில் அவர்தான் திருகுகளைக் கழற்றி, எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்து என் ஒயர் கூடையில் வைத்தார். பாவம், அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

அண்ணாச்சி மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே குட்டி டப்பாக்கள் இரண்டு வெடித்துக் கிடந்தன.

"இது ஹை வோல்டேஜ்ல போனது டீச்சர்."

"எங்க வீட்டுல ஹை வோல்டேஜா? நூத்தி நாப்பதுக்கு மேல வந்தா நாங்க சாமிக்குத் தேங்கா ஒடைக்கோம் அண்ணாச்சி!"

"போன அன்னைக்கு எவ்வளவு இருந்துது?"

"முள்ளு இருநூத்திப் பத்துல நின்னுது."

அவர் தலையைச் சொறிந்தார். இருநூற்றுப் பத்தில் இது போகாதே என்றார். பிறகு வேறொன்று எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. காசு வாங்காததாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது.

இரண்டாவதும் அதே மாதிரி போயிற்று. நன்றாக ஓடியது, ஒரு சாயங்காலம் பல்பு பளிச்சென்று எரிந்தது, டப். திரும்பவும் ஒயர் கூடை, திரும்பவும் கண்டக்டர், திரும்பவும் வெடித்த இரண்டு குட்டி டப்பாக்கள், திரும்பவும் "இது ஹை வோல்டேஜ்தான் டீச்சர்." கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். என் மாணவி ஒருத்தியின் அப்பாவும் இருந்தார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. "கள்ளச் சரக்க வித்துட்டுப் பழிய எங்க வீட்டுக் கரண்டு மேல போடுதியளே, இது ஒரு பொழப்பா?" என்று கத்திவிட்டேன். அண்ணாச்சி பணத்தை எண்ணி மேஜையில் வைத்தார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவதை ரயில் ஜங்ஷன் பக்கம், குளிர்சாதனம் வைத்த ஒரு கடையில் வாங்கினேன். கழுத்தில் டை கட்டிய பையன் "மேடம்" என்று கூப்பிட்டான். பொன் எழுத்து போட்ட அட்டைப்பெட்டி. தூக்கிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன், அவனுக்குப் புரியவில்லை. அது இருபது நாள் உழைத்தது. போகும்போது தனியாகப் போகவில்லை, ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போனது.

முதல் மூன்று அத்தியாயங்களை ஃபிளாப்பியில் எடுத்து வைத்திருந்தேன். நாலாவது அத்தியாயம்தான் என் ஆய்வின் உயிர். எந்தச் செடி எந்தத் தண்ணீரில் எவ்வளவு வளர்ந்தது என்கிற அட்டவணைகள் எல்லாம் அதில்தான். முடித்துவிட்டு மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சோம்பேறித்தனமாக விட்டிருந்தேன். கையெழுத்து நோட்டு இருந்தது, திரும்ப டைப் செய்யலாம். கடிதத்தில் சொன்ன கெடுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பைண்டிங்குக்கு இரண்டு நாள் போக, பத்து நாள். அன்று மேஜை முன்னால் உட்கார்ந்து அழுதேன். வருத்தத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. எதன் மேல் ஆத்திரம் என்று தெரியாததால் அது அடங்கவும் இல்லை.

வெட்கத்தை விட்டு, மூன்றாம் தடவையாக ஒயர் கூடையோடு அண்ணாச்சி கடைக்கே போனேன். அவர் பழையதைக் கிளறவில்லை. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் தேடிக் கொடுத்தார், ஒரு எஸ்.எம்.பி.எஸ். எடுத்தார். அதன் பின்பக்கத்துச் சிவப்பு சுவிட்சின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"உள்ள இருக்க ரெண்டு குட்டி டப்பாவும் சேந்து வெடிக்கணும்னா ஹை வோல்டேஜ் வரணும். இல்லன்னா இந்தச் சுவிட்ச நூத்திப் பதினஞ்சு பக்கம் தள்ளியிருக்கணும். அந்தப் பக்கம் தள்ளுனா வர்ற கரண்ட உள்ள ரெட்டிப்பாக்கும். நூத்தி நாப்பது வந்தா நல்லா ஓடும். இருநூறு வந்தா வெடிச்சிரும். ஒங்க வீட்டுல யாரும் தொட மாட்டிய, எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒட்டுதேன்."

"எங்க வீட்டுல அதைத் தொட ஆளே கெடையாது" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே. நான் கொண்டுவந்து கொடுத்த மூன்றிலும் சுவிட்ச் 230 பக்கம்தான் இருந்தது என்று அவரும் ஒத்துக்கொண்டார். சொல்லும்போதே அவர் என்னை நம்பாத மாதிரி தோன்றியது. அந்தக் கடுப்போடு பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலமே மாட்டினோம். வீட்டுக்காரர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"இதுல ஏன் பேப்பர ஒட்டிருக்காக?"

"யாரும் தொடக் கூடாதுன்னு."

"அப்போ சாயங்காலம் நான் எப்பிடித் தள்ளுதது?"

"என்னத்த?" என்றேன்.

அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். தினமும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்னால் அந்தச் சுவிட்சை 115-க்குத் தள்ளிவைப்பாராம். காலையில் எழுந்ததும் மறுபடி 230-க்கு. முதல் எஸ்.எம்.பி.எஸ். மாட்டிய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து; அன்று நான் அடுப்படியில் இருந்தபோது தள்ளினாராம்.

"கொளத்துல தண்ணி கொறஞ்சா மேல்மடையில ஏறாது, கீழ்மடையத் தொறப்போம்லா. அதே கணக்குதான். இருநூத்தி முப்பதுல ஏறல. பொறத்தால பாத்தேன், நூத்திப் பதினஞ்சுன்னு தாழ்வா ஒரு மட இருந்துது. தொறந்தேன். ஏறிட்டு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தொடக் கூடாதுன்னு சொன்னியே."

என்னவெல்லாம் சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. படிக்காத ஆளைக் கட்டிக்கொண்டேன் என்பதையும் சொன்னேன். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவர் அப்போதுதான் திருப்புளியைக் கீழே வைத்தார்.

பில்களின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றும் போன தேதியை எழுதி வைத்திருந்தேன். அதை அவர் மூஞ்சியில் வீசாத குறையாக நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மதகு திறக்கும் தேதிகளை எழுதுகிற சின்ன நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணும் நான் தண்ணி விட்ட நாளு" என்றார்.

பிற்பகல் அவர் மதகைத் திறப்பார். தண்ணீர் சாயங்காலம் வாழைத் தோட்டங்களுக்கு வந்து சேரும். தோட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராக மோட்டாரை நிறுத்துவார்கள். நிறுத்த நிறுத்தக் கரண்ட் ஏறும். பல்பு பளிச்சென்று எரியும். அவரோ கரையில் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார். இங்கே அவர் திறந்து வைத்துவிட்டுப் போன கீழ்மடையில் இருநூறு வோல்ட் பாய்ந்து எஸ்.எம்.பி.எஸ். வெடிக்கும். மறுநாள் காலையில் வழக்கம்போல சுவிட்சை மேலே தள்ளிவிட்டுத்தான் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்? வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதிகள் என் ஆய்வேட்டின் அட்டவணையிலேயே இருந்தன. நான்தான் அவற்றைச் செடிகளோடு மட்டும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அண்ணாச்சியிடம் பெரிய ஸ்டெபிலைசர் சொல்லி வைத்தேன். பதினைந்து நாளாகும் என்றார். ஏன் திடீரென்று கேட்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அந்தக் கடன் இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது.

அதற்கடுத்த நாட்களை அரைச் சம்பள விடுப்பிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பகல் கரண்டிலும் ஓட்டினேன். பகலில் முள் நூற்றெழுபதில் நிற்கும், பெட்டி முனகிக்கொண்டே ஓடும். நடுவில் நிற்கும். திரும்பப் போடுவேன். வீட்டுக்காரரோடு பேச்சு இல்லை. சோறு வைத்துவிட்டு வந்துவிடுவேன், அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவார். கடைசியாக இரண்டே அட்டவணைகள் மிஞ்சின. பத்தாம் நாள் வந்தது. மறுநாள் காலையில் பிரிண்டுக்குக் கொடுத்தால்தான் பைண்டிங் முடியும். அன்று பகல் முழுக்க ஊரில் கரண்டே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது, நூற்று நாற்பதில். காகிதத்தைக் கிழித்து 115-க்குத் தள்ளலாம்தான், ஆனால் பாதியில் கரண்ட் ஏறினால் இந்த ஹார்ட் டிஸ்கும் போய்விடும் என்று எனக்குப் பயம்.

அவரே அன்று வாயைத் திறந்தார். "இன்னைக்குத் தண்ணி விடுத மொற. மேலருந்து ஆர்டர் வரல, மொற ஒரு நாள் தள்ளிட்டு. நாளைக்குத்தான் வரும்."

"நாளைக்கு வந்து எனக்கு என்னத்துக்கு?" என்றேன். பிறகு, ஒரு ஆசிரியை கேட்கக் கூடாததைக் கேட்டேன். "ஒரு நாள் முன்னாடி தொறந்தா என்ன? ஒரே ஒரு சாயங்காலம். மோட்டார நிப்பாட்டிருவாங்கல்லா."

அவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். "மொற மாறுனா கடைசி வயல்காரனுக்குத் தண்ணி போகாது. அவன் வந்து நின்னா என்ன சொல்லுவேன்? எம் பொண்டாட்டி டைப்படிக்கணும்னா?"

"என் பெட்டிய மட்டும் யாரையும் கேக்காமத் தொறந்தியளே" என்றேன்.

அவர் கட்டிலில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். சைக்கிளை எடுத்தார். வைத்த காபி அப்படியே இருந்தது. கோபித்துக்கொண்டு போகிறார், போகட்டும் என்று இருந்தேன்.

மேஜை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். நோட்டு விரித்தபடி கிடந்தது. நாலு வருஷம் இரண்டு அட்டவணையில் வந்து நிற்கிறது. வெளியே வாழைத் தோட்டத்துப் பக்கம் மோட்டார்களின் இரைச்சல், வழக்கம் போல. அந்த இரைச்சலைக் கேட்டாலே எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஏழு மணி இருக்கும். ஸ்டெபிலைசரின் முள் லேசாக அசைந்தது. நூற்று நாற்பத்தைந்து. சும்மா ஆடுகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நூற்று ஐம்பது. தண்ணீர்தான் விடவில்லையே, எப்படி ஏறுகிறது? எழுந்து வாசலுக்குப் போய்க் காது கொடுத்தேன். கிழக்கே, பாலத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இரைச்சல் இல்லை. அதற்கு இந்தப் பக்கம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றது. நின்ற இடத்திலிருந்து யாரோ உரக்கப் பேசுவதும், "சரி வே, ரெண்டு மணி நேரந்தான்" என்பதும் காற்றில் வந்தது. பிறகு சைக்கிள் மணி.

உள்ளே ஓடி வந்தேன். நூற்று அறுபத்தைந்து. முள் பைய ஏறியது. ஒரு தடவை ஏறும், நிற்கும். அவர் வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போகிற நேரம் அது. பிறகு மறுபடி ஏறும். பதினைந்து வருஷமாக அவர்கள் வயலுக்கு முறை தவறாமல் தண்ணீர் கொடுத்த மனுஷன், முதல் தடவையாக அவர்களிடம் தனக்கென்று ஒன்று கேட்டுக்கொண்டு போகிறார். ஒவ்வொரு தோட்டத்திலும் என்ன சொல்லிக் கேட்டாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. பல்பு மிளகாய் நிறத்திலிருந்து மஞ்சளானது, மஞ்சளிலிருந்து வெளுத்தது. பளிச்சென்று எரிந்தபோது பழக்கத்தில் என் உடம்பு 'டப்' சத்தத்துக்குத் தயாராகிக் குறுகியது. சத்தம் வரவில்லை. காகிதம் ஒட்டிய சுவிட்ச் 230-இல் அப்படியே இருந்தது. முள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது. பட்டனை அழுத்தினேன். ஓடியது.

டைப் செய்தேன். வேறு எதையும் நினைக்கக் கூடாது என்று லத்தீன் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். முதல் அட்டவணை முடிந்தது. இரண்டாவதில் பாதி தாண்டியபோது வாசலில் சைக்கிள் சாய்க்கும் சத்தம் கேட்டது. முழங்கால் வரை சேறோடு வந்திருப்பார் என்று பார்க்காமலே தெரிந்தது. மேஜைக்குக் கிட்டே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். தண்ணீர் விட்ட நாளில் கடைசி வயல்காரனிடம் என்ன கேட்பாரோ அதையே என்னிடமும் கேட்டார்.

"பத்துமா?"

திரும்பினால் அழுதுவிடுவேன், அட்டவணையில் இன்னும் பதினோரு வரி பாக்கி.

"பத்தும்" என்றேன், திரையைப் பார்த்தபடியே. "கைய நல்லாத் தொடச்சிட்டு வந்து பக்கத்துல உக்காருங்க."